கால் படாத நிலம்

மேற்கு நாடு பொதுச்சந்தையை விட்டு விலகிவிட்டது என்று ஒரு லாரி டிரைவர் வந்து சொன்னபோது நான் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். விலகினால் விலகட்டும், ஏலக்காய்க்கும் தக்காளிக்கும் விலை வைப்பதில் அவர்களுக்கு என்ன மனத்தாங்கலோ என்று அடுத்த தட்டை எடுத்தேன். அது என் அடுப்படி வரைக்கும் வரும் என்று எனக்கு எந்த மகராசன் சொன்னான்?

ஆனைக்கல் மெட்டில், மலைச்சாலை ஏறி முடிகிற இடத்தில் என் மெஸ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தவமணி மெஸ் என்றால் இரண்டு நாட்டு டிரைவர்களும் சரியாக வந்து இறங்குவார்கள். புருஷன் போன பிறகு நான் ஆரம்பித்தது. என் தம்பி போஸும் அவன் பெண்டாட்டி இந்துராணியும் என்னோடுதான் இருக்கிறார்கள். அவன் வெளிவேலை, அவள் சமையல், நான் கல்லாவும் வாயும்.

பொதுச்சந்தை இருந்தவரை எங்கள் கிழக்கு நாடு எங்கே முடிகிறது, மேற்கு எங்கே தொடங்குகிறது என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? லாரி வரி கட்டாமல், நிற்காமல் போகும், நிற்காமல் வரும். அந்தக் காலத்தில் நிலம் அளந்தவர்கள் ஆளுக்கொரு வரைபடம் போட்டு வைத்திருந்தார்கள். கிழக்கின் கோடு ஒரு பக்கம், மேற்கின் கோடு ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே எங்கள் மலைச்சரிவு முழுக்கக் கிடந்தது, இரண்டு பேருக்கும் சொந்தமாக. அதை யாரும் கேட்கவில்லை. மேற்கு விலகிக்கொண்டதும்தான் எந்த இடத்தில் லாரியை மறித்து வரி போடுவது என்ற கேள்வி வந்தது. விவாகரத்து ஆன வீட்டில் அண்டா யாருக்கு, குத்துவிளக்கு யாருக்கு என்று ஆரம்பிப்பார்களே, அந்தக் கதைதான்.

நல்லவேளை, துப்பாக்கியை எடுக்கவில்லை. இரண்டு அரசாங்கமும் சேர்ந்து ஒரு ஆணையம் வைத்தது. ஆணையம் ரெஜினாவை அனுப்பியது.

ரெஜினா நாகர்கோவில் பெண். இன்ஜினியர். முதல் நாள் மதியம் என் மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தவள், மீன் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, தேங்காய் போதாது என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து மேசையில் பரப்பினாள். மொச்சைக்கொட்டை அளவுக்குக் கறுப்புக் கறுப்பாக என்னவோ.

“இதுக்குப் பேரு மண்செவி. இத மலை முழுக்க ஊணப் போறோம்க்கா. மண்ணு மேல யாரு நடந்தாலும் இது கேட்டுக்கும். யாரோட காலு, எந்த ஊரு ஆளு, எதுக்காகப் போறாங்க, எல்லாம் தெரியும்” என்றாள்.

எதுக்காகப் போகிறேன் என்பது காலுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“தண்ணிக்குப் போற நடை வேற. கோயிலுக்குப் போற நடை வேற. புல்லுக்கட்டோட வர்ற நடை வேற. ஒரு வருஷம் கேட்டா அந்த இடம் யாரு பொழப்புல இருக்குன்னு புரிஞ்சிடும். கோடு போடப் போறது வரைபடம் இல்ல, உங்க காலு.”

எங்களுக்கு ஒரே சந்தோஷம். பாட்டன் காலத்து வரைபடத்தைப் பார்த்து எவனோ முடிவு செய்வதைவிட நம் காலை நம்பலாம் என்றுதான் எல்லாருக்கும் பட்டது. ஊர்க்கூட்டத்தில் கை தூக்கினோம். அந்தப் பக்கத்துக்காரர்களும் தூக்கினார்கள். மெட்டில் அன்றைக்கு எனக்கு வடை போட்டு மாளவில்லை.

அதன் பிறகு நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். முழங்கால் வலி என்று வருஷக்கணக்காகக் கட்டிலை விட்டு இறங்காத ஆட்கள் எல்லாம் விடிந்ததும் சரிவில் ஏறி இறங்கினார்கள். ஆட்டுக்காரர்கள் ஆட்டைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சுற்றினார்கள். மேற்குக்காரர்கள் மட்டும் சும்மாவா? கொட்டுமேளத்தோடு மாதாவைத் தூக்கிக்கொண்டு சரிவு முழுக்க ஊர்வலம் வந்தார்கள். ரெஜினா தன் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிடுவாள். நடிப்பு நடையை அது முதல் நாளே கழித்துக் கட்டிவிட்டதாம். கொஞ்ச நாளில் எல்லாரும் அலுத்துப்போய் அவரவர் வேலைக்கு அவரவர் வழியில் நடக்க ஆரம்பித்தார்கள். மண் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தச் சரிவில் எங்கள் ஊர்க் கால் படாத இடம் ஒன்றே ஒன்றுதான். ஊற்றுப்பாறைக்குக் கீழே, மெஸ் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற ஒரு புல்லுத் துண்டு. போஸ், இந்துராணி பிள்ளை சுபிக்ஷாவை அங்கேதான் புதைத்திருக்கிறோம்.

சுபி பிறந்தது இந்த மெஸ்ஸுக்குப் பின்னால் இருக்கிற அறையில். போனதும் அதே அறையில். காய்ச்சல் என்று கீழே டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், டாக்டரிடம் காட்டினோம், திரும்பி வந்தோம், அப்புறமும் விடவில்லை. முதல் பல்லு விழாத பிள்ளை. எங்கள் ஆட்கள் அப்படிப் போன பிள்ளையை எரிக்க மாட்டார்கள். தகப்பன் கையில் ஏந்திக்கொண்டு போவான், குழியில் வைப்பான், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவான். கல் நட மாட்டார்கள், பூ வைக்க மாட்டார்கள். பெற்றவள் கால் அந்தப் பக்கமே படக் கூடாது. அம்மாவைப் பார்த்துவிட்டால் பிள்ளை அங்கேயே நின்றுவிடும் என்பார்கள். பார்க்காவிட்டால் அம்மாவைத் தேடிக்கொண்டு அதே வயிற்றுக்கு வந்து சேர்ந்துவிடும்.

நம்புவதா வேண்டாமா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. ஆனால் நானும் அந்த இடத்தில் கால் வைத்ததில்லை. ஊரே வைப்பதில்லை. புல்லுக்குப் போகிற பொம்பளைகள்கூடச் சுற்றிக்கொண்டு போவார்கள், அங்கே எத்தனை நல்ல புல் கிடந்தாலும். இந்துராணி தினமும் ஜன்னல் பக்கம் நின்று வெங்காயம் உரிப்பாள். அவள் கண் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் கேட்டதில்லை. வருஷங்கள் ஓடியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. தேடி வருகிற பிள்ளைக்கு வழி தெரிய வேண்டாமா, நேரமாகத்தான் செய்யும் என்று ஒரு நாள் அவளே சொல்லிக்கொண்டாள்.

மண்செவி கேட்டு முடித்த வருஷம்தான் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. போஸ் சரிவைப் பார்த்துக் கும்பிட்டான். இந்துராணி அழுதாள், சிரித்தாள், ஒரு வாரம் உப்பில்லாமல் சாம்பார் வைத்தாள். டிரைவர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கோடு வந்தது. நியாயமாகவே வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஊற்று எங்களுக்கு, அவர்கள் தோட்டம் அவர்களுக்கு. ரெஜினா பெரிய திரையில் காட்டியபோது ஊர் கை தட்டியது. எங்கள் பக்கம் பச்சை, அவர்கள் பக்கம் நீலம். ஊற்றுப்பாறைக்குக் கீழே மட்டும் பச்சைக்கு நடுவில் நீலம் உள்ளே நுழைந்து நின்றது. நான் இந்துராணியைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது எப்படி என்று போஸ் எழுந்து கேட்டான்.

“அந்தத் துண்டுல ஒரு வருஷமா ஒருத்தர் காலும் படலண்ணே. உங்க பக்கத்துல இருந்து யாருமே போகல. யாருக்கும் வேண்டாத இடம்னு கணக்கு. வேண்டாத இடத்த, அத ஒட்டிப் போற ரோடு எந்த நாட்டோடதோ அந்த நாட்டுக்குக் கொடுக்கணும்கிறது ஒப்பந்தம்” என்றாள் ரெஜினா. அங்கே மேற்கு நாடு லாரிச் சோதனைக்கு எடைமேடை கட்டப் போகிறது, மழைக்கு முன்னால் மண் வெட்டும் வண்டி வந்துவிடும் என்றும் சொன்னாள். அவளுக்கு அப்போது எதுவும் தெரியாது.

கூட்டம் கலைந்த பிறகு மெஸ்ஸில் வைத்து நான்தான் அவளிடம் சொன்னேன். சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டாள். வேண்டாத இடம் இல்லம்மா, இந்த மலையிலேயே எங்களுக்கு அதைவிட வேண்டிய இடம் கிடையாது, அதனால்தான் கால் வைக்கவில்லை என்றேன்.

“எங்க ஊர்ல கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியும் பூவுமா கல்லறைத் தோட்டமே நிறைஞ்சிடும்க்கா. போகாம இருந்தா மறந்துட்டாங்கன்னு அர்த்தம். அதத்தான் நான் இதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். போகாம இருக்கிறதுலயும் ஒரு இது இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லையே” என்றாள். அவளைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. ஒரு வருஷம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை. நாங்களும் சொல்லவில்லை. அந்த இடத்தைப் பற்றிப் பேசவே மாட்டோம் என்பதுதானே எங்கள் வழக்கம்.

ஒரு வழி இருந்தது. ஆடி அமாவாசைக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அந்த நிலத்தோடு உறவு உள்ளவர்கள் போய் நடக்க வேண்டும், மண்செவி அதை நம்ப வேண்டும். நம்பினால் துண்டு பச்சையாகும்.

நான் முந்திக்கொண்டேன். அத்தைதானே, எனக்கென்ன. மனசுக்குள் ‘சுபி மன்னிச்சுக்கோடி’ என்று சொல்லிக்கொண்டே போய்ச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மண்செவி அதை நடிப்பு என்று தள்ளிவிட்டது. அடுத்த நாள் போஸ் போனான். பிள்ளையைக் கையில் ஏந்திப் போன பிறகு அவன் அங்கே போவது அதுதான் முதல் தடவை. புல் மண்டி இடமே மாறியிருந்தது போல. இங்கே நின்றானாம், அங்கே நின்றானாம், உட்கார்ந்தானாம், எழுந்தானாம். திரும்பி வந்தவன் நேரே விறகு பிளக்கப் போய்விட்டான். ரெஜினா என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். ‘வழி தவறி வந்த ஆள்’ என்று எழுதியிருந்தது. போஸிடம் நான் அதைச் சொல்லவில்லை.

இந்துராணிக்கு அப்போது ஐந்தாவது மாதம்.

எத்தனை நாள் அவள் தூங்காமல் கிடந்தாளோ தெரியாது. ஒரு சாயங்காலம், அடுப்பு வேலை ஓய்ந்த நேரம், ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

“மதினி. வண்டி வந்து தோண்டுனா பிள்ள வெளிய வந்துருமா?”

அதெல்லாம் மண்ணோடு மண்ணாகியிருக்கும் என்று சொல்வதா? அதையும் ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? நீ போக வேண்டாம், நிலம் போனால் போகட்டும், வயிற்றில் இருப்பதைப் பார் என்றேன். உன் பிள்ளைதான் திரும்பி வந்துகொண்டிருக்கிறாளே, அந்த மண்ணில் இனி என்ன இருக்கிறது என்றும் கேட்டேன். சாமர்த்தியமாகப் பேசுவதாக எனக்கு நினைப்பு.

“வர்றது அவதானான்னு எனக்கென்ன தெரியும் மதினி? அங்க இருக்கிறது அவதான்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

அடுப்புத்துணியை மடித்து வைத்தாள். முகம் கழுவினாள். தலை சீவி, நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் பிள்ளையை அழைக்கப் போகிறவளைப் போல வாசல் இறங்கிப் போனாள். நான் தடுக்கவில்லை. போஸ் கோடரியைக் கீழே வைத்துவிட்டு நின்றான். ஜன்னல் வழியே பார்த்தேன். எங்கேயும் தயங்கவில்லை, தேடவில்லை. போனதே இல்லாத இடத்துக்கு நேராகப் போய் நின்று, மெதுவாகக் குனிந்து, புல்லில் கை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் வாய் அசைவது தெரிந்தது. என்ன பேசினாள் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை.

ரெஜினா அடுத்த நாள் காலையில் வந்தாள். கண் சிவந்திருந்தது. ஒரே ஒரு நடைதான், அதுவே போதும் என்று பதிவு ஆணையத்துக்குப் போய்விட்டதாம். தினமும் வந்து போகிறவளின் கால் என்று மண்செவி எழுதியிருந்தது. வருஷக்கணக்காக, ஒரு நாளும் தவறாமல்.

துண்டு பச்சையானது. எடைமேடை வேறு இடத்துக்குப் போனது. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. வருஷா வருஷம் கணக்குப் பார்ப்பார்கள், நடக்காத நிலம் மறுபடி நழுவிவிடும். அதனால் இந்துராணி நடந்தாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பிரசவத்துக்கு டவுனுக்குப் போன நாட்கள் போக எல்லாச் சாயங்காலமும் நடந்தாள்.

பெண் பிள்ளை. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். நல்ல சிவப்பு, தலை நிறைய முடி. ஊர்ப் பொம்பளைகள் எட்டிப் பார்த்துவிட்டு, சுபியே வந்துட்டா என்று ஆரம்பித்தார்கள். இந்துராணி அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். “அவ வரல. அவ அங்க நின்னுட்டா. நான்தான போயி நிப்பாட்டுனேன். இது வேற பிள்ள” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்தாள், குறை சொல்ல முடியாது. பால் கொடுத்தாள், குளிப்பாட்டினாள், காய்ச்சல் வந்தால் மடியை விட்டு இறக்க மாட்டாள். பெயர் மட்டும் வைக்கவில்லை. ஏத்தா, நாய்க்குட்டிக்குக்கூடப் பேர் வைக்கிறோம், இது என்னடி அநியாயம் என்று நான் எத்தனையோ தடவை சண்டை போட்டுப் பார்த்தேன். யோசிக்கிறேன் மதினி என்பாள். எல்லாருக்கும் அது பாப்பா. டிரைவர்களுக்கும் பாப்பா. அது நடக்கப் பழகியதும் சாயங்காலம் அம்மா பின்னால் ஓடும். அவள் வாசலிலேயே திருப்பி என் பக்கம் அனுப்பிவிடுவாள். பெரியவளைப் பார்க்கப் போகும்போது சின்னவளைக் கூட்டிக்கொண்டு போக அவளுக்கு முடியவில்லை போல. யாரை நோவது?

பிள்ளைக்கு மூன்றாவது வயது நடக்கும்போது மேற்கு நாட்டில் ஆட்சி மாறியது. விலகினது தப்பு என்று புது ஆட்கள் பொதுச்சந்தைக்கே திரும்பிவிட்டார்கள். இந்தச் செய்தியையும் ஒரு லாரி டிரைவர்தான் சொன்னார். நான் கரண்டியைத் தூக்கி எறிந்தேன். அவர் மேல் இல்லை, சுவரில்.

மண்செவிகளைத் தோண்டி எடுக்க ரெஜினா ஆட்களோடு வந்தாள். மெலிந்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தவளுக்கு நான் மீன் குழம்பு ஊற்றினேன், ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். இந்துராணி அடுப்படியிலிருந்து வந்து எதிரே நின்றாள்.

“அப்ப இனிமே நான் அங்க போக வேண்டாமாம்மா?”

“வேண்டாம்க்கா. கோடு இருக்கும், ஆனா யாருக்கும் அது தேவைப்படாது. லாரி முன்ன மாதிரி போகும் வரும். யாரும் எதையும் எடுத்துக்க மாட்டாங்க.”

இந்துராணி முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

“நான் நடந்ததெல்லாம் அதுல இருக்குல்ல. அத அழிச்சிர முடியுமா?”

எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் எடுத்துப் போவோம் என்றாள் ரெஜினா.

“எல்லாத்தையும் நீ எப்ப வேணாலும் அழி. என்னோடத இப்ப, என் கண்ணு முன்னாடி அழி. நான் அங்க போகவே இல்லன்னு ஆக்கிரு.”

ரெஜினா என்னைப் பார்த்தாள். வயிற்றுக்குத் திரும்பி வருகிற பிள்ளைகளைப் பற்றி நான் அவளுக்கு எப்போதோ சொல்லியிருந்தேன். இன்ஜினியர் பெண், இதற்கு என்ன சொல்லப்போகிறாள் என்று இருந்தது. அவள் எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து திரையைத் திறந்தாள். ஊற்றுப்பாறைக்குக் கீழே அந்தத் துண்டு. மெஸ் வாசலிலிருந்து அதுவரைக்கும் புள்ளி புள்ளியாக ஒரே தடம், நடந்து நடந்து தடித்துப் போன தடம். அழிக்கக் காரணம் கேட்டது. ‘தவறான பதிவு. இந்தக் கால் இங்கே வரவே இல்லை’ என்று ரெஜினா எழுதினாள். எழுதியதை இந்துராணிக்கு வாசித்தும் காட்டினாள். புள்ளிகள் போயின. வெறும் புல்லுத் துண்டு நின்றது.

“போயிருச்சா?”

“போயிருச்சுக்கா. நீங்க போகவே இல்ல.”

இந்துராணி பெரிய மூச்சு ஒன்று விட்டாள். பாப்பா மேசைக்கு அடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கழுவி வைத்த டம்ளர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தது. இந்துராணி அதன் பக்கமாகப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவள் முகத்தை அவ்வளவு லேசாக நான் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

“சுபி” என்று கூப்பிட்டாள்.

பிள்ளை டம்ளரை அடுக்கியது.

“சுபிக்ஷா. ஏ சுபி, அம்மாடி.”

யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்ததோ என்னவோ, அது திரும்பவே இல்லை. ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். இந்துராணி அந்தச் சின்ன முதுகைப் பார்த்தாள்.

“பாப்பா” என்றாள்.

பிள்ளை சட்டென்று திரும்பிச் சிரித்தது. டம்ளர்களைத் தட்டிவிட்டுவிட்டு ஓடி வந்து அவள் மடியில் விழுந்தது.